ஊர்வலக் கார்

"இன்னொரு சுத்து, மச்சான். பாதியில விட்டுறாதீக. ஹேண்டில முழுசா இழுத்துச் சுத்துங்க."

பெரியகருப்பன் டிரைவர் சீட்டில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து உட்கார்ந்திருந்தான். நீண்டு கிடந்த பானெட்டுக்கு அந்தப்புறம், அவன் அக்காள் புருஷன் ராஜாராமின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. துண்டு குனிந்து மறைந்தது. ஒரு முனகல் கேட்டது. கார் உடம்பை உலுக்கி ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது.

"பிடிக்குது மாப்ளே! பிடிக்குதுல்ல?" ராஜாராமின் குரலில் மூச்சு இரைத்தது.

"பிடிக்கிற மாதிரிதான் இருக்கு. இன்னொருக்கா."

ஏலக்காய் உலர்த்தும் பழைய ஸ்டோரில் அந்தக் கார் ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது. எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, தன்னிடம் இருபத்தைந்து வருஷம் கணக்கெழுதிய ரைட்டர் பிச்சைமணிக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிச்சைமணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைப்பார், அவ்வளவுதான். எட்டு சிலிண்டர், கம்பிச் சக்கரம், மடக்கிவிடக்கூடிய மேல்கூரை. யானைத் தந்தம் போல மினுங்கும் கைப்பிடிகள். இப்போது வேலையிலிருந்து நிற்கும் வயசு வந்துவிட்டதால் அதை விற்கப் பார்த்தார்.

ராஜாராமுக்குப் போடியில் கல்யாணச் சாமான்கள் வாடகைக்கு விடும் கடை. சாமியானா, பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குத் திறந்த கார் கேட்டால் மட்டும் மதுரைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. பிச்சைமணியின் காரைப் பற்றி ஏலக்காய் மண்டியில் யாரோ சொன்ன நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது எழுந்துவிடுவார். பேச்சின் நடுவே, "அதுக்கு என்ன கலர் அடிக்கலாம் மாப்ளே?" என்பார். பஸ் கம்பெனி ஷெட்டில் பிட்டராக இருந்த மைத்துனனை நச்சரித்து, லீவு போட வைத்து, அரிசி லோடு ஏற்றிய ஜீப்பில் விடியற்காலையில் மலைக்கு இழுத்து வந்திருந்தார்.

எட்டு மணியிலிருந்து பெரியகருப்பன் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயில் குச்சியை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து மோந்து பார்த்தான். தண்ணீர் கலக்கவில்லை. கதவோரத்துத் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறிய இடத்தில் திருப்புளியால் குத்தினான். உள்ளேயிருந்த மரச்சட்டம் உளுத்துப் போயிருந்தது. திருப்புளி பிடிவரை இறங்கியது. பின் சக்கரங்களைக் கழற்றியபோது அவன் முகம் சுளித்தது. அச்சிலிருந்து கசிந்த எண்ணெய் பிரேக் கட்டைகளில் ஊறி, பிசின் போல மினுங்கியது. முன் பிரேக் மட்டும் பிடிக்கும். சமதரையில் அது போதும். இந்த மலையில் போதாது.

வேண்டாம் என்று சொல்லிவிட ஒன்பதரை மணிக்கே முடிவு செய்துவிட்டான். சட்டம் முழுக்க மாற்ற வேண்டும், பிரேக்கைப் புதிதாகக் கட்ட வேண்டும். மச்சானின் கடை இரண்டு வருஷத்துக்கு இந்தக் காருக்குத் தீனி போட்டே ஓய்ந்துவிடும். ஆனால் வாய் வரவில்லை. ராஜாராம் காரின் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சினையும் ஒருக்கா கேட்டுருவோம் மச்சான்" என்றான்.

வாங்கப் போவதில்லை என்றால் எஞ்சின் எப்படி ஓடினால் என்ன? தேவையில்லாத சோலி அது. எட்டு சிலிண்டர் எஞ்சின் ஓடுவதை அவன் ஆயுசில் ஒரே ஒரு முறை, மதுரையில் ஒரு ஜமீன்தாரின் வண்டியில், நடைபாதையில் நின்று கேட்டிருக்கிறான். கையால் தொட்டு ஓட்டியதில்லை. பேட்டரி செத்திருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றத்தான் வேண்டும். உள்ளே உட்கார்ந்து சோக்கையும், தீப்பொறி நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பையும் பார்த்துக்கொள்ள அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பிச்சைமணிக்குக் குடலிறக்கம். ஆகவே ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முதலில் புகை, பிறகு நாலைந்து இடறல். நெம்பை ஒரு நூலளவு நகர்த்தினான். இடறல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, பெரிய பானையில் உலை கொதிப்பது போல ஒரே சீரான சத்தமாயிற்று. முன்னால் ராஜாராம் நிமிர்ந்தார். சிரித்தார். ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. பெரியகருப்பன் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு சிலிண்டராகக் காதால் தொட்டு எண்ணினான். ஆறாவதில் மட்டும் லேசாக ஒரு தொண்டைக் கட்டு. அதைச் சரிசெய்துவிடலாம். அரைநாள் வேலைகூட இல்லை.

எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தானோ. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பிச்சைமணியின் வாய் திறந்து திறந்து மூடியது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

"...கீழ விழுந்துட்டாரு தம்பி! கூப்பிடுறேன், கூப்பிடுறேன், காதுல விழலியா?"

ராஜாராம் முன் சக்கரத்தில் சாய்ந்து, தூங்குகிறவர் போலத் தலையைத் தோளில் போட்டிருந்தார். வேட்டி மடிப்பு அவிழ்ந்திருந்தது. நெற்றி வேர்வை இன்னும் காயவில்லை.

பிச்சைமணியின் மனைவி கருத்தம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது. எஸ்டேட் கம்பவுண்டர், நெடுங்கண்டத்துப் பக்கத்து மலையாளி, பையோடு வந்து மணிக்கட்டைப் பிடித்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்தார். எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "கழிஞ்சு" என்றார். "இனி ஒண்ணும் செய்யானில்ல."

*

ராஜாராமை ரைட்டர் வீட்டு முன்கூடத்தில், சாக்கு விரித்து, தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். கால் கட்டைவிரல்களைக் கட்டக் கருத்தம்மாள் துணி கிழித்தாள். அந்தச் சத்தத்தில் பெரியகருப்பன் வெளியே வந்துவிட்டான். வாசலிலிருந்து ஸ்டோர் வரை நடந்தான். ஸ்டோரிலிருந்து திரும்பினான். மறுபடியும் நடந்தான். மேற்கே மலைமுகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஜீப்பு எப்ப திரும்பும்?"

"பூப்பாறைக்குல்ல போயிருக்கு. நாளைக் காலையிலதான்." பிச்சைமணி தயங்கினார். "ஒண்ணு செய்யலாம் தம்பி. கம்பளியில வச்சுக் கட்டி, கம்பு கொடுத்து, நாலு ஆளுக தூக்கினா குறுக்குப் பாதையில அடிவாரத்துக்கு, முந்தலுக்கு எறங்கிரலாம். இங்க எல்லாரையும் அப்படித்தான் கொண்டுபோறது."

ஏல மூட்டை இறங்குவதுபோல மச்சான் கம்பில் தொங்கியபடி இறங்குவதை அவன் நினைத்துப் பார்த்தான். மழை வந்தால் அந்தப் பாதையில் ஆள் நிற்க முடியாது. கண் தானாக ஸ்டோருக்குள் போயிற்று. பிச்சைமணி அதைப் பார்த்துவிட்டார்.

"அதுலயா?"

"ஆமா."

"பிரேக்கு இல்லன்னு நீதானப்பா சொன்ன?"

"செய்யணும். செஞ்சுட்டுத்தான் எடுக்கணும்."

பிச்சைமணி துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "தப்பா நெனைக்கப்படாது தம்பி. ஒங்க மச்சான் இதக் கல்யாண ஊர்வலத்துக்குத்தான் கேட்டாரு. கேக்குறவுக எல்லாருமே அதுக்குத்தான் கேக்குறாக. ஒருக்கா இதுல பொணம் போயிருச்சுன்னா, அப்பறம் எந்த மாப்ளை ஏறி உக்காருவான்? போடியில நாலு தெரு தாண்டுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போகும். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

அதில் பொய் எதுவும் இல்லை. "நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லப் பெரியகருப்பனிடம் வழி இல்லை. அவன் கையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து கருத்தம்மாள் குரல் வந்தது. "நம்ம கதைய நாளைக்குப் பேசிக்கலாம். அங்க ஒருத்தி வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

பிச்சைமணி வீட்டுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வரும்போது கையில் ஒரு தகர டப்பாவும், துரை காலத்துத் தோல் உறையில் ஸ்பானர்களும் இருந்தன. "இதுல பெட்ரோல் இருக்கு. கழுவத்தான வேணும்?" என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் பெரியகருப்பன் நிமிரவில்லை. கட்டைகளைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினான், நெருப்புக் காட்டினான். ஊறியிருந்த எண்ணெய் புகையாகப் போனது. அரத்தால் ராவிச் சொரசொரப்பாக்கி மாட்டினான். அச்சில் கசிகிற இடத்தைச் சரிசெய்ய இங்கே சாமான் இல்லை. சணலைச் சுற்றி அடைத்தான். ஒரு மணி நேரம் தாங்கலாம். அதற்குள் இறங்கிவிட வேண்டும். காலையில் பார்த்த அதே இடங்களைத்தான் திரும்பவும் பார்த்தான். ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் ஆட்டம், பரவாயில்லை. டயரில் வெடிப்பு, இடது பின்பக்கத்தில் ஆழமாக. அதை ஸ்டெப்னியோடு மாற்றினான். கம்பவுண்டர் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். ஆறிச் சில்லிட்டுப் போகும்வரை அது அங்கேயே இருந்தது. முன்கூடத்தின் பக்கம் அவன் ஒரு தடவையும் திரும்பவில்லை.

கிழிந்த மேல்கூரைக்கு மேல் ஏலக்காய் உலர்த்தும் தார்ப்பாயைக் கட்டினார்கள். நாலு பேர் தூக்கி வந்து ராஜாராமைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். நீளம் போதவில்லை. முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. பிச்சைமணி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு? பிரேக்கு எப்படி இருக்குமோ தெரியல."

"என் காருல போறாரு. நான் வராம எப்படி?"

இனி ஹேண்டில். அது முன் சக்கரத்துக்கு அடியில், விழுந்த இடத்திலேயே கிடந்தது. பெரியகருப்பன் எடுத்து, பிடியை வேட்டியில் துடைத்தான். சோக்கையும் நெம்பையும் முன்னதாகவே வைத்துவிட்டு வந்திருந்தான். துளையில் மாட்டி, மூச்சை இழுத்து, ஒரே சுற்று. எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. தனி ஆளாகவே செய்திருக்கலாம், காலையிலும் செய்திருக்கலாம். ஹேண்டிலை உருவிக்கொண்டு அவன் சற்று நேரம் அங்கேயே நின்றான்.

*

முதல் கியரை விட்டு அவன் மாற்றவேயில்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இறங்கியது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை மெல்ல மிதித்தான். முதல் ஐந்து வளைவுகளில் கட்டைகள் நன்றாகவே பிடித்தன. தூறல் ஆரம்பித்தது. தார்ப்பாய் விளிம்பிலிருந்து தண்ணீர் அவன் வலது தோளில் ஒழுகியது. பின்னால் பிச்சைமணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார், சாமி கும்பிடுகிறாரா பேசுகிறாரா தெரியவில்லை.

மச்சானோடு இப்படிப் பயணம் போவது இதுதான் முதல் தடவையா என்று யோசித்தான். இல்லை, அக்காள் கல்யாணத்தில் ராசிங்காபுரத்திலிருந்து மாட்டுவண்டியில். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மச்சான் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கிணற்றில் மோட்டார் போடப் போவதாக, போடியில் கடை வைக்கப் போவதாக. கடை வந்தது, மோட்டார் வரவில்லை. இன்றும் ஜீப்பில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டுதான் இருந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும், மலை ஏறத் தொடங்கும்போது, பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். "என்ன மச்சான்?" என்று கேட்டதற்கு, "காத்து குளிருது" என்றார். ஜீப்பில் அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். காற்று வரவே இல்லை.

ஒன்பதாவது வளைவுக்குக் கீழே பிரேக் திடீரென்று பிடி விட்டது. சணல் தாங்கவில்லை. எண்ணெய் மறுபடி கட்டைகளில் இறங்கிவிட்டது. இன்னும் அழுத்தினான். முன் சக்கரங்கள் ஈரத்தில் கீறிக்கொண்டு இழுத்தன, வண்டி நிற்கவில்லை. அதே நேரத்தில் வளைவு முகத்தில் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. உப்பும் அரிசியும் ஏற்றிய பொதிக்கழுதைகள் வரிசையாக ரோட்டின் பாதிவரை அடைத்து ஏறி வந்துகொண்டிருந்தன. வலது பக்கம் பள்ளம்.

"பிடிச்சுக்கங்க!"

கைப்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தான். இடது சக்கரங்கள் மலையோரத்து ஓடையில் இறங்கின. மட்கார்டு மண்சுவரைக் கீறிக்கொண்டே போய், முன் கழுதைக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் இருமி அடங்கியது.

திரும்பிப் பார்த்தான். பிச்சைமணி இரண்டு கையாலும் ராஜாராமின் நெஞ்சைக் கட்டிப் பிடித்தபடி, முகத்தை அவர் தலைமுடிக்குள் புதைத்துக்கொண்டு இருந்தார். மெதுவாக நிமிர்ந்தார். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. நழுவல" என்றார்.

கழுதைக்காரர்கள் ஏச வாயெடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பின் சீட்டைப் பார்த்ததும் நின்றார்கள். முன்னால் வந்தவன் தலையில் போட்டிருந்த சாக்கைக் கழற்றினான். யாரும் யாரென்று கேட்கவில்லை. கழுதைகளை மேல்பக்கம் ஒதுக்கிவிட்டு ஆறு பேரும் சேர்ந்து மட்கார்டைப் பிடித்துத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். பெரியகருப்பன் மறுபடி ஹேண்டில் போட்டு எஞ்சினைக் கிளப்பினான். ஒருவன் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு காரின் பின்னாலேயே கடைசி வளைவுவரை நடந்து வந்தான். வண்டி நின்ற இடங்களில் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். முந்தலில் இறங்கியதும், கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தான்.

முந்தலிலிருந்து சேதி சொல்ல ஒரு ஆளைச் சைக்கிளில் முன்னால் அனுப்பியிருக்கலாம். அது பெரியகருப்பனுக்குத் தோன்றவில்லை. சமதரை வந்துவிட்டது, பிரேக் இல்லாமலும் ஓட்டிவிடலாம் என்பது மட்டும்தான் தோன்றியது. இரண்டாம் கியர் போட்டான், மூன்றாம் கியர் போட்டான். கார் மலையில் அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டு ஓடியது.

போடியில் தெருவுக்குள் நுழையும்போது மழை விட்டிருந்தது. இத்தனை பெரிய காரை அந்தத் தெரு பார்த்ததில்லை. பிள்ளைகள் கூவிக்கொண்டு கூடவே ஓடினார்கள். "ராஜாராம் காரு! ராஜாராம் காரு!" அவர் ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

சத்தம் கேட்டு அக்காள் ராமுத்தாய் வெளியே வந்தாள். கையில் அரிசி மாவு. முன்னால் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள்.

"ஏ தம்பி, வாங்கியே போட்டாரா? பாத்துட்டு மட்டும் வர்றேன்னுல்ல சொன்னாரு!"

அவள் கண் காரின் நீளத்தை முன்னாலிருந்து அளந்துகொண்டே போனது. தெரியாத ஒரு கிழவரிடம் வந்து, அவர் மடிக்கு இறங்கி, அங்கே நின்றது.

பெரியகருப்பன் எஞ்சினை நிறுத்தினான்.

*

மறுநாள் காலையில் தூக்கினார்கள். கட்டிக்கொடுத்திருந்த மகள் தேவாரத்திலிருந்து ராத்திரியே வந்துவிட்டாள். மகன் இல்லாததால் ராஜாராமின் அண்ணன் சின்னச்சாமி கொள்ளி வைத்தார். சொந்தக் கடைச் சாமியானாவைத்தான் வாசலில் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்துச் சரிகைத் தொங்கலை அவிழ்க்க யாருக்கும் நினைவில்லை. காற்றில் அது பளபளத்துக்கொண்டே இருந்தது.

காரை வீட்டை ஒட்டிய சாமான் கொட்டகையில் விட்டிருந்தார்கள். பிச்சைமணி மலைக்குத் திரும்பவில்லை. அதை விட்டுவிட்டும் போக முடியவில்லை, எடுத்துக்கொண்டும் போக முடியவில்லை. கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார், கிளப்புக் கடையில் சாப்பிட்டார். தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. அந்தக் கார் காவு வாங்கிவிட்டது என்றார்கள். ரைட்டர்தான் அவரை ஹேண்டில் போடச் சொல்லி வேடிக்கை பார்த்தாராம் என்றார்கள். அது கொட்டகைவரை போய்ச் சேர்ந்திருக்கும். பெரியகருப்பனின் காதிலும் விழுந்தது. அவனுக்கு அன்று ராத்திரியும் தூக்கம் இல்லை, உட்காரவும் இல்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான்.

மூன்றாம் நாள் காலையில் சின்னச்சாமி கொட்டகை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னும் என்னத்துக்கய்யா இங்க ஒக்காந்திருக்க? எந்தம்பியச் சுத்த விட்டுக் கொன்னுட்டு, வெல பேச வந்திருக்கியா? வெரசா இந்தச் சனியன எடுத்துக்கிட்டு எடத்தக் காலி பண்ணு!"

பிச்சைமணி எழுந்து நின்றார். துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். அவருடைய கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெரியகருப்பனிடம் வந்து தரைக்குப் போனது.

"அவரு சொல்லல" என்றான் பெரியகருப்பன்.

"என்னது?"

"அவரு சுத்தச் சொல்லல. நாந்தேன் சொன்னேன். நாலு தடவ சொன்னேன். வண்டி வேண்டாம்னு முடிவு பண்ணுனதுக்கு அப்பறமும் சொன்னேன். எனக்கு எஞ்சின் சத்தம் கேக்கணும்னு இருந்துச்சு."

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். சின்னச்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் போனான். அடுக்களை நிலையில் சாய்ந்து ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். வெளியே பேசியது அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. இருந்தாலும் அவன், "அக்கா" என்று தொடங்கினான்.

"கேட்டுச்சு" என்றாள்.

கொல்லையில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"கடைசியா எதாச்சும் சொன்னாராடா?"

"சொன்னாரு அக்கா. எனக்குக் கேக்கல."

அவள் தலையை ஆட்டினாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, நெஞ்ச அடைக்குதுன்னாரு. வாயுதான்னு இஞ்சிச் சாறு பிழிஞ்சு குடுத்தேன்."

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"குடிச்சுட்டு, நல்லாருக்குன்னாரு. தம்பிகிட்ட சொல்லிறாத, அவன் கூட்டிக்கிட்டுப் போக மாட்டான்னாரு." சற்றுக் கழித்து, வேறு யாருடைய குரலோ போல, "அந்தப் பெரியவரு சாப்பிட்டாரா? கிளப்புல திங்க விடாத. இங்கிட்டுக் கூப்பிடு" என்றாள்.

பிச்சைமணி உள்ளே வரக் கூச்சப்பட்டு, கொட்டகையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் பெரியகருப்பன், "நாளைக்கு நானே மேல கொண்டாந்து விட்டுர்றேன். அச்சுக்கு வேண்டிய சாமான் ஷெட்டுல வாங்கியாந்துட்டேன். ஏறும்போது பிரேக்கு இல்லாமப் போகக் கூடாது" என்றான்.

"வித்துரலாம்னு நெனச்சது வித்த மாதிரிதான். இனி எவன் வாங்குவான்?" என்றார் பிச்சைமணி. குரலில் கோபம் இல்லை.

"மதுரையில எனக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு. உள்ளதச் சொல்லித்தான் விக்கணும். பாக்குறேன்."

"பாரு" என்றார். கை கழுவிவிட்டு, ஏல மண்டியில் மலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் வீட்டுக்குச் சொல்லியனுப்பலாம் என்று கிளம்பிப் போனார்.

பெரியகருப்பன் பின் அச்சுக்கு அடியில் கட்டைகள் கொடுத்துத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, சாக்கை விரித்து உள்ளே நகர்ந்து படுத்தான். சணலைப் பிடுங்கினான். மத்தியான நேரம், தெரு அடங்கியிருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவன் கை அவசரப்படாமல் வேலை செய்தது.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு வரும் பக்கக் கதவு திறந்தது. அக்காளின் வெறுங்கால்கள் மண்ணில் மெதுவாக வந்தன. காரின் ஓரமாக நின்றன. எதையோ தேடுவது போல ஓர் அடி முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தன. பின் கதவின் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. முதலில் சரியாகத் திரும்பவில்லை. பிறகு திரும்பியது.

அவனுடைய முகத்துக்கு நேர் மேலே ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி, ஒரு விரற்கடை இறங்கின. கதவு சாத்தப்பட்டது.

அவன் ஸ்பானரைச் சத்தமில்லாமல் மண்ணில் வைத்துவிட்டு, அசையாமல் படுத்திருந்தான்.